குஞ்சுகள் பிடித்த விரதம்

நல்லூரில் திருவிழாக் கொடியேறி ஒரு கிழமை போயிருக்கும். விடிந்தும் விடியாத நேரம். புத்தூர் வீட்டு வளவில், வாழைப் பாத்திக்குப் பின்னால் நான் குந்தியிருக்கிறேன். தலையில் ஈரத் துவாய். கையில் முகத்துக்குப் பூசுகிற பவுடர்ப் பேணி.

மூடியைத் திருகி ஓட்டைகளைத் திறந்து, பேணியைக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினேன். மண்ணில் கொஞ்சம் தூள் விழுந்தது. அவ்வளவுதான். தாய்க்கோழியின் செட்டைக்குள் கிடந்த குஞ்சுகள் தாயையும் மறந்து ஓடிவந்தன. ஒன்று என் கால் பெருவிரலில் ஏறி வழுக்கியது. இன்னொன்று முகம் குப்புற விழுந்து, எழும்பி, விழுந்ததற்கு வெட்கப்படாமல் மறுபடி ஓடிவந்தது.

அப்போது பார்த்து மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வளவில் செவ்வரத்தம்பூ ஆய்ந்துகொண்டு, கையில் பூக்கூடையோடு மாமி வருகிறார். பேணியை ஒளிக்க இடமில்லை. தலைத் துவாய்க்குள் செருகிக்கொண்டேன்.

"என்ன பிள்ளை, விடியக் காலமை வாழைக்குள்ளை?"

குஞ்சு பார்க்கிறேன் என்றேன். மாமி மூக்கைச் சுருக்கினார். என்னவோ மணக்கிறது என்றார். கிணற்றடி வாய்க்காலாக இருக்கும் என்றேன். மாமி வாய்க்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூக்கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனார். பேணியின் மூடியை நான் சரியாகப் பூட்டவில்லை. தூள் பிடரி வழியாக முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று முழுக்கப் பக்கத்து வீட்டுப் பூனை என்னை விட்டு அகலவில்லை.

பேணிக்குள் இருந்தது பவுடர் இல்லை. கூனி. கொழும்புத்துறைக் கடலில் பிடிக்கிற, நகக்கண் அளவுகூட வராத சின்ன இறால். வெயிலில் காயவைத்து இடித்த தூள். நல்லூரில் கொடியேறினால் அந்த வீட்டில் மச்சம் என்ற பேச்சே கிடையாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாம்தான் மச்சம். மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுக் கொட்டிலுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நான் தலையில் இறாலைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அடை கிடந்தது வெங்காயத்தில்

எங்கள் கலியாணம் பதிவுக் கந்தோரில் நடந்த கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நான் கொழும்புத்துறைக் கத்தோலிக்கப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். குகன் புத்தூர்த் தோட்டக்காரரின் மகன், சைவம். என் அம்மா கோயில் என்று சொன்னது மாதா கோயிலை. குகனின் அம்மா, என் மாமி, கோயில் என்று சொன்னது பிள்ளையார் கோயிலை. ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் இரண்டு கோயிலும் இல்லாமல் கந்தோரில் கையெழுத்து வைத்தோம். அதோடு இரண்டு அம்மாக்களும் ஆளையாள் கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கதைப்பதை நிறுத்தினார்கள் என்பதும் பிழை. தொடங்கியிருந்தால்தானே நிறுத்துவதற்கு.

அப்படியே ஒரு வருடம் போனது. மாமி என்னோடு கோபமாக இல்லை. சாப்பிட்டாயா, குளித்தாயா என்று கேட்பார். ஆனால் என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நான் கிணற்றுக்குள் இருந்து முளைத்து வந்தவள் போலத்தான் அந்த வீட்டில் இருந்தேன்.

மாமியிடம் ஒரு செம்பட்டைக் கோழி இருந்தது. சேவலை மரநாய் கொண்டுபோன பிறகுதான் அந்தக் கோழிக்கு அடை கிடக்கும் எண்ணம் வந்தது. சேவல் இல்லாமல் இட்ட முட்டையில் குஞ்சு வராது என்று மாமி முட்டைகளை எடுத்துவிட்டார். கோழி விடவில்லை. கொட்டிலில் மாமா காயவைத்திருந்த வெங்காயக் குவியலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தூக்கி இறக்கினால் கொத்தியது. தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். காலில் கயிறு கட்டினார்கள். கயிறு அவிழ்ந்ததும் நேரே வெங்காயத்துக்குத்தான் போனது. மாமாவுக்குச் சந்தைக்குப் போக வெங்காயம் வேண்டும். கோழிக்குக் குஞ்சு பொரிக்க வெங்காயம் வேண்டும். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

இதை நான் அம்மாவுக்குப் போனில் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. இப்படிக் கேட்டார்.

"எங்கடை முட்டை தந்துவிடட்டோ? அவ வாங்குவாவோ?"

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எவ்வளவு இறங்கி வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். போனை வைத்தேன். மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி வெங்காயத்தைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார்.

"கோழிக்கென்ன தெரியும், ஆற்றை முட்டையெண்டு."

யாருடைய முட்டை என்றாலும் பரவாயில்லை, அது சம்மதம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்று குறியும் ஒரு சிலுவையும்

குலுங்கினால் முட்டையின் கரு கலங்கும் என்று அம்மா சொல்லிவிட்டார். உமி நிரப்பிய பனையோலைப் பெட்டியில் முட்டைகளை அடுக்கி, என் மடியில் வைத்துக்கொண்டு குகனின் மோட்டார் சைக்கிளில் வந்தேன். குகன் அவ்வளவு மெதுவாக ஓட்டியதை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை. மரக்கறி ஏற்றிய சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. ஒருவர் திரும்பிப் பார்த்து, பெற்றோல் முடிந்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தார். குழி வரும்போதெல்லாம் நான் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன். அப்படியும் புத்தூர்ச் சந்தி வருவதற்குள் எனக்குக் கைகால் விறைத்துப்போனது.

மாமி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தபோதுதான் கண்டேன். ஒவ்வொரு முட்டையிலும் கரித்துண்டால் சின்னச் சிலுவை ஒன்று போட்டிருந்தது. எங்கள் அம்மா அடைக்கு வைக்கிற முட்டையில் எப்போதும் அப்படித்தான் போடுவார். இந்த முறையாவது போடாமல் விட்டிருக்கலாம். அவருக்கு அது நினைவுக்கே வந்திராது.

மாமியும் சிலுவையைக் கண்டார். முட்டைகளைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டுச் சாமியறைக்குப் போனார். எல்லாம் திரும்பிப் போகப்போகிறது என்று நினைத்தேன். மாமி திருநீற்றுத் தட்டோடு வந்தார். தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு முட்டையின் மறுபக்கத்திலும் மூன்று விரலால் குறி இழுத்தார். இடிமுழக்கத்துக்குக் கரு செத்துப்போகாமல் இருக்க, அடைப்பெட்டியில் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் போட்டார். கோழியை வெங்காயத்திலிருந்து தூக்கி வைத்தார். கோழி சிலுவையையும் பார்க்கவில்லை, குறியையும் பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டது.

பொரிக்கிற நாள் கிட்டவந்தபோது மாமி ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. என் காதிலும் வைத்தார். உள்ளே ஒரு கீச்சுக் குரல். முட்டைக்குள் இருந்துகொண்டே பேசுகிறது. அன்றுதான் முதல் தடவையாக மாமியும் நானும் கன்னத்தோடு கன்னம் உரச நின்றோம்.

எந்தப் பக்கத்தால் உடைத்துக்கொண்டு வரும் என்பதில் மாமாவுக்குப் பெரிய ஆவல். சிலுவைப் பக்கமா, குறிப் பக்கமா? கதிரையைக் கொண்டுபோய்க் கூட்டடியில் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். எல்லாக் குஞ்சும் முட்டையின் அகன்ற முனையால்தான் வந்தன. மாமா ஏமாந்துபோய் எழும்பி வந்தார்.

மாமி ஈரம் காயாத குஞ்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உன்ரை அம்மாவின்ரை கைராசி எப்பிடியெண்டு இனித்தானே தெரியும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் குஞ்சுகள் தப்பினால் அம்மாவுக்கு இந்த வீட்டில் ஒரு பெயர் இருக்கும். செத்தால் ராசியில்லாத கை என்றாகிவிடும். பிறகு எந்த முட்டையும் எந்தக் கதவையும் திறக்காது. பயந்துபோனேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கட்டுச்சோறு

பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தாமல் இருக்க என்னால் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்குஞ்சு உலகத்துக்கு வரும்போது கட்டுச்சோற்றோடு வருகிறது. முட்டையின் மஞ்சட் கருவில் மிச்சத்தைப் பொரிக்கும் முன்பே வயிற்றுக்குள் இழுத்துவைத்துக்கொள்கிறது. அதனால்தான் பொரித்தவுடன் அதற்குப் பெரிய பசி இல்லை. ஆனால் அந்தக் கட்டுச்சோறு ஓரிரு நாளைக்குத்தான். அதை நம்பித் தீனைத் தாமதிக்கவும் கூடாது. குடல் பழகவேண்டும், எலும்பு இறுகவேண்டும், செட்டையில் இறகு வரவேண்டும். முதல் கிழமையில் கிடைக்காதது பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஈடாகாது. முக்கியமாகப் புரதம்.

அதற்காகவே அச்சுவேலியில் ஒரு பை குஞ்சுத்தீன் வாங்கி வைத்திருந்தோம். முதல் நாள், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சீனி கரைத்து வைத்தேன். மூழ்கிவிடாமல் இருக்கக் கோப்பைக்குள் கூழாங்கல் போட்டேன். தீனைப் பழைய பேப்பரில் பரப்பி விரலால் தட்டிக் காட்டினேன். குஞ்சுகள் கொத்தப் பழகிக்கொண்டன. முதலில் தீனை, பிறகு கூழாங்கல்லை, பிறகு என் மோதிரத்தை. எல்லாம் நன்றாகத்தான் போனது.

அடுத்த நாள் நல்லூரில் கொடியேறியது.

மாமி வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். கொட்டிலில் தீன் பை இருந்தது. மாமி எதையும் படிக்காமல் விடுபவர் அல்ல. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சடித்திருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தார். சோளம், சோயா, தவிடு, மீன் தூள்.

"இஞ்சருங்கோ, உதை அங்காலை கொண்டுபோங்கோ."

மாமா பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வளவிலுள்ள பழைய மாட்டுக் கொட்டிலில் வைத்துவிட்டு வந்தார். திருவிழாவின் கடைசித் தீர்த்தம் முடியும்வரை அது அங்கேதான். குஞ்சுகளும் வீட்டோடு விரதம் என்று தீர்ப்பாகிவிட்டது. அரிசிக் குறுணல், குரக்கன், தேங்காய்ப்பூ. பாவம், நல்ல படையல்தான்.

நான் விடவில்லை. மாமியிடம் போய்ப் புரதம் என்றேன். பாடம் முழுவதும் எடுத்தேன். மாமி கடைசிவரை கேட்டார்.

"நாங்கள் பருப்புத் திண்டு வளரேல்லையோ?"

சரி, பருப்பையும் சோதித்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன். குஞ்சுகளுக்குப் பயறு அவித்துக் கொடுத்தேன். சுற்றி நின்று பார்த்தன. உளுந்து அரைத்து வைத்தேன். அதன்மேல் ஏறி நடந்து கால் ஒட்டிக்கொண்டு கத்தின.

நாலைந்து நாளில் குஞ்சுகள் சுருங்கத் தொடங்கின. செட்டை தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கடைசியாகப் பொரித்த சின்னதுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விலகிப்போனது. நிற்க முடியாமல் மார்பால் தேய்த்துக்கொண்டு வந்தது. கம்பளி நூலால் இரண்டு காலையும் அளவாகச் சேர்த்துக் கட்டிவிட்டேன். மாமி வந்து குனிந்து பார்த்தார்.

"உது தப்பாது," என்றார். சொல்லிவிட்டும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று பின்னேரம் நான் குகனைக் கொழும்புத்துறைக்கு அனுப்பினேன்.

பேணியின் வருகை

கடற்கரைக் கோழிகள் இந்தக் கவலை எல்லாம் அறியாதவை. வலை உதறுகிற இடத்தில் நின்றால் போதும், புரதம் வானத்திலிருந்து விழும். அம்மா விஷயத்தைக் கேட்டதும் கூனியை வறுத்து இடித்து, மாவரிப்பில் அரித்து, கொண்டுபோவது தெரியக்கூடாது என்று பவுடர்ப் பேணியில் அடைத்துக் கொடுத்தாராம். குகன் அதைக் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் கோயில் திருவிழாவுக்கு நடந்துபோகிறவர்களைக் கண்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்றார்.

பேணியைக் கிணற்றடி மதிலில், சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பொந்தில் ஒளித்தேன். வெளிச்சம் வரும் முன் வாழைக்குப் பின்னால் ஒரு தட்டு. பொழுதுபட ஒரு தட்டு. அவ்வளவுதான் நான் கொடுத்தது.

அடுத்த சில நாட்களில் நடந்ததை என்னால் நம்பமுடியவில்லை.

செட்டை நுனியில் இறகுக் குருத்து எட்டிப் பார்த்தது. பிறகு வளர்ந்தது. பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்கிறதோ என்று சந்தேகம் வந்தது. பொழுதுபடும் நேரம் குஞ்சைக் கையில் எடுத்துக் கழுத்தடியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், அன்று வயிறாரத் தின்றதா இல்லையா என்று. ஒவ்வொன்றுக்கும் கழுத்தடியில் பை புடைத்துக்கொண்டு, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. காலில் நூல் கட்டிய சின்னது நூலோடு எழும்பி நின்றது. நூலை அவிழ்த்தேன். தாயின் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. நான் வாழைக்குள் நின்று, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

ஆனால் என் படிப்பு என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. இரண்டு தட்டுத் தூளில் இந்த வளர்ச்சி எப்படி வரும்? எந்தக் கணக்குப் போட்டாலும் உதைத்தது. அம்மாவிடம் கேட்டேன். மாதாவின் கருணை என்றார். மாமியிடம் கேட்டேன். முருகனின் கருணை என்றார், சொல்லிவிட்டுப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போனார். மாமாவிடம் கேட்டேன். மாமா கிழக்கு வேலியைப் பார்க்கப் போய்விட்டார். அந்த நாட்களில் மாமா அந்த வேலியை அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலி ஓடிப்போய்விடும் என்று பயந்தவர் போல.

ஓட்டோவுக்குள் ஒரு மணம்

தேருக்கு முந்திய கிழமை ஒரு காலையில் எல்லோருமாக நல்லூருக்குப் புறப்பட்டோம். நானும்தான். அங்கே போய் நிற்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். அந்த மணலும் கற்பூரமும் எனக்குப் பிடிக்கும்.

மாமாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, புகையிலைத் தோட்டத்திலும் சுருட்டிலும் கழிந்த வாழ்க்கையில் அவருடைய மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டு, குளித்தால் நெஞ்சிலும் கமக்கட்டிலும் பவுடர் கொட்டிக்கொள்ளாமல் வெளிக்கிடமாட்டார்.

அன்று அவசரத்தில் நான் பேணியைப் பொந்துக்குள் வைக்காமல் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

ஓட்டோவில் மாமா, மாமி, நான். புத்தூர்ச் சந்தி தாண்டவில்லை, மாமி முந்தானையை மூக்கில் வைத்தார். இந்த ஓட்டோவில் யாரோ மச்சம் ஏற்றியிருக்கிறார்கள் என்றார். ஓட்டோக்காரர் துடித்துப்போனார். தானும் விரதம், ஓட்டோவும் கழுவித்தான் ஓடுகிறது என்று வழி முழுக்கச் சத்தியம் செய்துகொண்டு வந்தார். எனக்கு முதல் மூச்சிலேயே விளங்கிவிட்டது. மாமாவின் நெஞ்சைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்கவேண்டியது மண்ணிறமாக இருந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த குகனுக்குக் கையால் சைகை காட்டினேன். அவர் நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்து, சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

நல்லூரில் ஆண்கள் மேலுடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மாமா கழற்றினார். வெயில், வியர்வை, சனம். பக்கத்தில் நின்றவர்கள் நாகரிகமாக ஒவ்வொரு அடியாக விலகினார்கள். அவ்வளவு சனத்துக்குள் மாமாவைச் சுற்றி மட்டும் காற்றோட்டமாக ஓர் இடம். வெளியே வந்ததும் மாமி அவருடைய காதில் என்னவோ சொன்னார். மாமா தன் கையை எடுத்து மணந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முகம் செத்துப்போனது. திரும்பிப் போய், விழுந்து கும்பிட்டார். மறுபடி விழுந்து கும்பிட்டார்.

எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். குஞ்சுகளைக் காப்பாற்றி அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

மாமாவின் நெஞ்சில்

வீட்டுக்கு வந்ததும் மாமா குளிக்கப் போகவில்லை. மாமரத்தின் கீழ்க் கதிரையில் வேட்டியோடு உட்கார்ந்து, மாமியைக் கூப்பிட்டார். தான் ஒன்று சொல்லவேண்டும் என்றார்.

சொல்ல முதல் குஞ்சுகள் வந்துவிட்டன.

கூட்டடியிலிருந்து ஒரே ஓட்டம். வேட்டிக் கரையைப் பிடித்து ஏறின. முழங்காலில் நின்று மூச்சு வாங்கின. மடியில் ஏறின. மாமா அசையாமல் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோருக்கும் முதல் அவருடைய நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது, காலில் நூல் கட்டியிருந்த அந்தச் சின்னதுதான். நரைமயிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு பொட்டாகக் கொத்தத் தொடங்கியது.

"முருகன் என்னைக் காட்டிக்குடுத்திட்டான்," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

பிறகு எல்லாம் சொன்னார். கிழக்கு வேலியடியில் பழைய சட்டி ஒன்றுக்குள் ஈரச் சாக்கும் சாணமும் வைத்துக் கவிழ்த்துவிடுவாராம். விடிந்தால் சட்டி நிறையக் கறையான். மாமி கோயிலுக்கோ, சமைக்கக் குசினிக்கோ போன நேரம் பார்த்துக் குஞ்சுகளை அங்கே கூட்டிக்கொண்டு போவாராம். தான் கொல்லவில்லை, சட்டியைத் தூக்கினது மட்டும்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாராம். ஆனால் விரத நாளில் உயிர்க் கொலைக்குத் துணை போனதற்கு, இப்படிச் சந்நிதியில் வைத்து உடம்பெல்லாம் நாற வைத்துவிட்டானே என்று அழத் தொடங்கினார்.

மாமி கிட்டப் போனார். மாமாவின் நெஞ்சிலிருந்து விரலால் கொஞ்சம் தொட்டு எடுத்து மூக்கில் வைத்தார்.

"கறையான் உப்பிடி மணக்காது. உது கூனி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குகன் மெதுவாக மோட்டார் சைக்கிள் பக்கம் நகர்ந்தார். நான் போய்ப் பேணியை எடுத்துக்கொண்டு வந்து மாமியின் கையில் கொடுத்தேன். அம்மாதான் தந்தார், கேட்டது நான், அம்மாவில் பிழை இல்லை என்றேன்.

மாமி பேணியைப் பார்த்தார். பவுடர் பூசிய பெண் ஒருத்தி சிரிக்கிற படம் அதில் இருந்தது. மாமாவைப் பார்த்தார். சின்னது இப்போது மாமாவின் கமக்கட்டுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தது. மாமா கூச்சம் தாங்காமல், அழுகிற முகத்தோடே நெளிந்தார்.

மாமியின் வாய் ஒரு பக்கம் இழுத்தது. பிறகு மற்றப் பக்கம். பிறகு மாமி அப்படியே நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் மாமியின் பல்லை நான் முழுதாகக் கண்டது அன்றைக்குத்தான். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, கடைசியில் என்னைப் பார்த்துப் பூக்கூடையை எடுத்துவரச் சொன்னார்.

எடுத்து வந்தேன். மாமி அதைக் கவிழ்த்தார். வாடிய பூக்களோடு, கூடையின் அடியிலிருந்து ஒரு கை குஞ்சுத்தீன் கொட்டியது. மீன் தூள் கலந்த அதே தீன்.

பக்கத்து வளவில் செவ்வரத்தை நின்றது மட்டும் இல்லையே. மாட்டுக் கொட்டிலும் நின்றது.

மாமா கண்ணை நன்றாகத் திறந்துவிட்டார். அப்படியென்றால் விரதம் என்று அவ்வளவு கத்தினது எதற்கு என்று கேட்டார்.

"நான் விரதம். குஞ்சு விரதமில்லையெண்டு முருகனிட்டை நான் எப்பவோ சொல்லிப்போட்டன். உங்களிட்டைச் சொன்னா வீட்டிலை ஒழுங்கு நிக்குமோ?"

கோழிக்குஞ்சுகள் மாமாவை விட்டு இறங்கித் தீனுக்குப் பாய்ந்தன. மாமி அவற்றைப் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"உன்ரை அம்மா மனம் வைச்சுத் தந்த முட்டை. செத்துப்போனா அந்த மனுசி என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அவருக்குப் பயந்தேன். அவர் என் அம்மாவுக்குப் பயந்திருக்கிறார். நடுவில் இந்தக் குஞ்சுகள் முறைவைத்து மூன்று பேரிடமும் மச்சம் தின்று கொழுத்திருக்கின்றன.

போனில்

மாமி போனைக் கொண்டுவரச் சொன்னார். நான் அழுத்திக் கொடுத்தேன். அந்தப் பக்கம் என் அம்மா, நான்தான் என்று நினைத்து, பேணி முடிந்துவிட்டதா என்று கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சம்பந்தி, நான் புத்தூரிலையிருந்து கதைக்கிறன்," என்றார் மாமி.

மாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குஞ்செல்லாம் வடிவா வளருது. உங்கடை கைராசி. தீர்த்தம் முடிய ரண்டு பேரும் இஞ்சை வாங்கோ, மச்சம் காய்ச்சுவம். வரேக்கை கூனி கொஞ்சம் கொண்டு வாங்கோ. பவுடர்ப் பேணியிலை மட்டும் போட்டிடாதேங்கோ. எங்கடை மனுசன் எடுத்துப் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போயிடுவார்."

அம்மா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. மாமாவுக்கு வெட்கம் வந்து, துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பக்கத்து வீட்டுப் பூனை பின்னாலேயே போனது.

தீர்த்தம் முடிந்த கிழமையே அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா மீன் கொண்டுவந்தார். நாங்கள் முட்டை கொண்டுபோன நாளில் மாமி குறி இழுத்த கதையை நான் சொன்னதை அம்மா மறக்கவில்லை. கொண்டுவந்தது பெரிய பால்மாப் பேணி. நிறையக் கூனித் தூள். பேணியின் ஒரு பக்கத்தில் கரியால் சிலுவை ஒன்று போட்டிருந்தார். மறுபக்கத்தில் சுண்ணாம்பால், கொஞ்சம் கோணலாக, மூன்று குறி.

மாமி அதை இரண்டு கையாலும் வாங்கி, முதலில் ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மற்றப் பக்கம் பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். பேணியை மேல் தட்டில், மாமாவுக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.